ஆர்லெட்டாவுக்கு மட்டும் நிழல்

மாண்டிகோ பே விமான நிலையத்தின் வாசலில் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். அவன் கையிலிருந்த அட்டையில் ஆர்லெட்டா பிக்கன்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு பெட்டிகளையும் தானே இழுத்துக்கொண்டு, தோழிகள் மூவருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்த ஆர்லெட்டா பிக்கன்ஸ், தன் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“யாருக்குப்பா இது?”

“உங்களுக்குத்தான் மிஸ் ஆர்லெட்டா. உக்காருங்க, மெதுவா போலாம்.”

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் தோழி ஜெனீவா பின்னாலிருந்து பாய்ந்து வந்து, ஆள் மாறிப் போச்சு, இது வேற யாருக்கோ என்று சொல்லி, நாற்காலியையும் அவனையும் சேர்த்துத் தள்ளாத குறையாக ஓரம் கட்டினாள். அவன் கையில் எதையோ திணித்தாள். அதே விமானத்தில் அதே பெயரில் இன்னொருத்தி வந்திருக்கிறாளாம். பிக்கன்ஸ் என்ற பெயர்கூடப் பரவாயில்லை, ஆர்லெட்டா என்ற பெயரைத் தன் ஊரான டொலிடோ நகரத்திலேயே இன்னொருத்திக்கு வைத்து அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வெயில், பசி, முன்னால் ஒரு வாரம் விடுமுறை. ஆர்லெட்டா அதை அப்போதைக்கு விழுங்கிக்கொண்டாள்.

நால்வரும் ஒரே தேவாலயப் பாடகர் குழு. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓஹையோவிலிருந்து கிளம்பி ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போவது பதினோரு வருடப் பழக்கம். ஆர்லெட்டா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்தாறு வருடமாக முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் கத்துவதைக் கேட்டவள், பிள்ளைகளை உள்ளே விடாத விடுதியைத் தவிர வேறு எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். டெலோரிஸ் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள், வாய் அதிகம். ரோஸலின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் பிரிவில் வரவேற்பு மேசையில் இருப்பவள், வாய் குறைவு. எல்லா ஏற்பாடும் ஜெனீவா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு விண்ணப்பம் நிரப்புவதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. தோட்டத்தைப் பார்த்த அறைக்குப் பதிவு செய்வாள். போய் இறங்கினால் கடலைப் பார்த்த அறை கிடைத்திருக்கும். எப்படியடி என்று கேட்டால், என் குரல் அப்படி என்பாள்.

இந்த வருடமும் அப்படித்தான் கிடைத்தது. நெக்ரில் கடற்கரையில், வாசற்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால் மணல். மற்றவர்கள் கட்டிலில் துண்டை மடித்துச் செய்த அன்னம் ஒன்று. ஆர்லெட்டாவின் கட்டிலில் மட்டும் இரண்டு அன்னம், ஆறு தலையணை, பக்கத்தில் அழுத்திக் கூப்பிட ஒரு மணி. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். திருகாணியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள்கூட இன்னும் துடைக்கப்படவில்லை. ஆர்லெட்டா அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள். கம்பியைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. ஏப்ரலில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கிளம்புவதற்கு முந்தின வியாழக்கிழமை ஊசி வைத்துச் சதை எடுத்திருந்தார்கள். ரோஸலின் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்தான். ஊசி இறங்கும்போது அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிவு ஒரு வாரத்தில் கைபேசிக்கே வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் ஊரில் இப்போதெல்லாம் டாக்டர் படித்துச் சொல்லும் முன்னரே நோயாளி படித்துவிடலாம்.

அவர்கள் தேவாலயத்தில் நோயின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ‘என் சர்க்கரை’, ‘என் ரத்தக்கொதிப்பு’ என்று யாராவது ஆரம்பித்தால், ‘என்’ என்று சொல்லாதே, அது உன்னுடையது இல்லை என்று பக்கத்து இருக்கையிலிருந்து அதட்டல் வரும். சொன்னால் சொந்தமாகிவிடும். சொன்ன வாய்க்கு அவ்வளவு சக்தி உண்டு என்று நால்வருமே நம்பினார்கள். ஆர்லெட்டா கட்டியைப் பற்றித் தோழிகளிடம் சொன்னபோதும், அதை நான் ஏத்துக்கலை என்று சேர்த்துத்தான் சொன்னாள். வந்த அன்று மாலையே, விடுமுறை முடியும்வரை பார்க்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டுக் கைபேசியை அறையின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். அப்போது ரோஸலினும் ஜெனீவாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஆர்லெட்டாவின் கண்ணிலிருந்து தப்பவில்லை. பேருந்தில் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் கடைசி இருக்கைக் குறும்பைக் கண்டுபிடிக்கிறவளிடம் தப்புமா?

மறுநாளிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகத்தான் இருந்தாள். கடற்கரையில் நிழலுள்ள நாற்காலிக்கு எந்த விடுதியிலும் அடிதடி உண்டு. விடியுமுன் போய்த் துண்டை விரித்து இடம் பிடிப்பார்கள். அரை மணிக்கு மேல் ஆள் வராவிட்டால் துண்டை எடுத்துவிடுவோம் என்று பலகை தொங்கும். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே, கடற்கரை பாதாம் மரத்தடியில், ஆர்லெட்டாவின் பெயர் எழுதிய நாற்காலி நாள் முழுக்க அவளுக்காகக் காலியாகக் கிடந்தது. நிழல் கிடைக்காத கனடா நாட்டு விருந்தினர்கள் அவளை முறைத்தார்கள். ரம் கேட்டால் முக்கால் கோப்பை அன்னாசிச் சாறாக வந்தது. மற்றவர்களுக்குக் காப்பி வரும்போது அவளுக்கு மட்டும் ஏதோ பச்சிலைக் கஷாயம், வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் லின்வால் என்ற பணியாளர். அவர்கள் அறைகளுக்கென்றே விட்டிருந்த மனிதர், அறுபதை நெருங்குகிறவர். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

இதையெல்லாம்கூட விடுதிக்காரர்களின் உபசாரம் என்று தள்ளிவிட்டிருப்பாள். ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் சீட்டாட்டத்தில் டெலோரிஸ் தோற்றாள். பெற்ற மகளின் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சம்பந்தியைச் சீட்டில் தோற்கடித்து அழ வைத்தவள் அவள். கையில் துருப்பு ஜோக்கரை வைத்துக்கொண்டு சாதாரணச் சீட்டை இறக்கினாள். ஆட்டம் முடிந்தபின் ஆர்லெட்டா அவள் கைச்சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏண்டி இதை இறக்கல?”

“கவனிக்கலைடி.”

“நீயா?”

டெலோரிஸ் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவே இல்லை. அன்று மாலை மூவரும் மரத்தடியில் தலையைச் சேர்த்து வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லெட்டா வருவதைப் பார்த்ததும் மீன் பொரியல் எவ்வளவு ருசி என்று ஒரே நேரத்தில் மூவரும் பேச ஆரம்பித்தார்கள். ஜெனீவாவின் கண் சிவந்திருந்தது.

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? முடிவு வந்துவிட்டது. ரோஸலின் ஆஸ்பத்திரிக் கணினியில் பார்த்துவிட்டாள். பார்த்ததை மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டாள். விடுதிக்கும் சொல்லிவிட்டார்கள். தான் சாகப்போவது சமையல்காரன்வரை தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. படுக்கையில் கிடந்து இதை நினைத்தபோது பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்தப் பெட்டகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்கக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நீச்சல் குளத்தின் படியில் ரோஸலின் காலை நனைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆர்லெட்டா நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆஸ்பத்திரிக் கணினில என் கோப்பைத் திறந்து பாத்தியா?”

ரோஸலின் முதலில் புரியாமல் விழித்தாள். புரிந்ததும் அவள் முகம் மாறிய மாற்றத்தை ஆர்லெட்டா எதிர்பார்க்கவில்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கணினியில் பெயர் பதிவாகும், பெற்ற தாயின் கோப்பைப் பார்த்ததற்காகப் போன வருடம் ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பினார்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் தான் அப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்றாள்.

“அது போகட்டும். உன் கையைப் பிடிச்சுட்டு நின்னவ நான். உன் முதுகுக்குப் பின்னால பாத்துட்டு வந்து உன்கூடச் சிரிச்சுப் பேசுவேன்னு நினைச்சிட்டியே.”

“அப்ப எல்லாரும் என்னத்தை மறைக்கறீங்க?”

“என்னைக் கேக்காத. ஜெனீவாவைக் கேளு” என்று சொல்லிவிட்டு ரோஸலின் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆர்லெட்டா ஜெனீவாவிடம் போகவில்லை. ஜெனீவா எதையாவது சொல்லி வாயை அடைப்பாள், அந்தக் குரலின் கதை தெரியாதா? அறைக்குத் திரும்பினாள். லின்வால் கஷாயத்தோடு வாசலில் காத்திருந்தார். கோப்பையை வாங்கிச் செடியில் ஊற்றினாள். அவர் பதறிப்போனார்.

“லின்வால், எனக்கு உடம்பு சரியில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருக்கிறார் என்று முதலில் தயங்கினார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மிஸ் ஆர்லெட்டா. நீங்க வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே தாள் வந்துடுச்சு. எங்க சர்ச்சுல உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டு இருக்கோம். எங்க அம்மாவுக்கும் அந்த நோவுதான். அந்தக் கஷாயத்துலதான் கூடுதலா ரெண்டு வருஷம் உயிரோட இருந்தாங்க.”

மூன்று வாரம். ஆர்லெட்டாவுக்கு அந்தக் கணக்கு உதைத்தது. மூன்று வாரத்துக்கு முன் யாரும் அவள் உடம்பில் ஊசியே வைக்கவில்லை. அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அறை எண், வருகை நேரம், உணவில் ஒவ்வாமை, அதன்கீழ் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று ஒரு கட்டம். தேனிலவு, திருமண நாள், பிறந்த நாள் என்று எழுதுவதற்கான கட்டம். அதில் இப்படி அச்சாகியிருந்தது: ‘எங்கள் தோழி ஆர்லெட்டாவுக்குப் புற்றுநோய், கடைசி நிலை. நாங்கள் நால்வரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம். காலையில் கண் விழித்ததும் கடலைப் பார்த்தால் அவள் சந்தோஷப்படுவாள்.’ மேலே பதிவு செய்த தேதி: ஜனவரி ஒன்பது.

ஜனவரியில் கட்டியே இல்லை. அல்லது இருந்ததோ என்னவோ, அவளுக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது. ஆர்லெட்டா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். லின்வாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாம் கடலைப் பார்த்த அறைக்காக ஜெனீவா விட்ட புளுகு. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தாள். சிரிப்பு நின்றது. நோயின் பெயரை வாயால் சொல்லவே கூசுகிற கூட்டத்தில் ஒருத்தி, அதை எழுத்தில், ஆர்லெட்டா என்ற பெயருக்குப் பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

ஜெனீவா மரத்தடியில் அந்தப் பெயர் எழுதிய நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். ஆர்லெட்டாவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. வருடா வருடம் அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதுவாளாம். ஒரு வருடம் டெலோரிஸுக்குக் கல்யாணம், ஒரு வருடம் ரோஸலினுக்கு வெள்ளி விழா. இந்த வருடம் கடல் பக்க அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன, ஏதாவது பெரிய காரணம் இருந்தால் பார்க்கலாம் என்று தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாளாம். கை தானாக எழுதிவிட்டதாம். வந்த அன்று ஆர்லெட்டா அறைக்குப் போனபின், விடுதி வரவேற்பறையில் மேலாளர் வந்து துக்கம் விசாரித்தபோதுதான் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து ஆர்லெட்டாவிடம் சொல்லு சொல்லு என்று இருவரும் பிடுங்கி எடுக்கிறார்களாம்.

“ஏன் என் பேரு? உன் பேரைப் போட்டிருக்க வேண்டியதுதானே?”

“பயந்துட்டேன்” என்றாள் ஜெனீவா. “என் பேரை எழுத எனக்குப் பயமா இருந்துச்சு. நீ கல்லு மாதிரி இருப்ப, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

ஆர்லெட்டாவுக்குக் கை பரபரத்தது. முப்பது வருட நட்பில் முதல்முறையாக அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஜெனீவா இருந்த இருப்பைப் பார்த்தால் அந்த முகத்தில் அறைவதற்கே இடமில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, ஏப்ரலிலிருந்து பத்துக் கிலோவாவது குறைந்திருப்பாள். உணவுக் கட்டுப்பாடு என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருந்தாள்.

“ஏப்ரல்ல நீ கட்டின்னு சொன்ன பாரு, அன்னைலேருந்து நான் தூங்கலைடி. நான் எழுதினதுதான் உன் உடம்புல ஏறிடுச்சு. நான்தான் அதை உன்மேல சொல்லிட்டேன். போய்ப் பாருடி. தயவு செஞ்சு போய்ப் பாரு. அதுல என்ன வந்திருந்தாலும் தெரியாம இன்னும் ஒரு நாள் என்னால முடியாது.”

ஆர்லெட்டா போனாள். ஜெனீவாவுக்காகப் போனாள் என்று சொல்வது பொய். யாருக்கும் எதுவும் தெரியாது என்றானபின், நல்ல செய்திதான் இருக்கும் என்று அவளுக்கே ஒரு தைரியம் வந்திருந்தது. பெட்டகத்தைத் திறந்து, கைபேசியை உயிர்ப்பித்து, கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவதில் உள்ளே போனாள். முந்தின நாளே வந்திருந்தது. பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிய வேண்டிய வார்த்தை முதல் வரியிலேயே இருந்தது. புற்றுதான். பரவும் வகை. செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்க்கச் சொல்லி டாக்டரின் குறிப்பு, எதையும் முடிவு கட்டிவிட வேண்டாம், சிகிச்சை இருக்கிறது என்று இரண்டு வரி.

ஆறு தலையணைக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. ஏத்துக்கலை என்று சொல்லிப் பார்த்தாள். வார்த்தை வாயிலிருந்து சரியாக வரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, கதவைத் தட்டினார்கள். ஜெனீவா உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆர்லெட்டாவுக்கு அவள்மேல் இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெனீவா சாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். சொல்லலாம். சொல்ல உரிமையும் உண்டு. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

“ஒண்ணும் இல்லைடி” என்றாள். “வெறும் கொழுப்புக் கட்டி. நீ எழுதினதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. போ, போய் மூஞ்சியைக் கழுவு.”

ஜெனீவா போட்ட கூச்சலில் மாடி அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளே ஓடிப்போய் டெலோரிஸிடம் சொன்னாள். லின்வாலிடமும் சொன்னாள். அவர் அங்கேயே முழந்தாளிட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லப் போவதாக அறிவித்தார். சூரியன் சாயும் நேரத்தில் கடற்கரைக் கொட்டகையில் மேளக்காரர்கள் வந்தார்கள். ரம் இந்தத் தடவை அளவு குறையாமல் வந்தது. ஜெனீவா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஆடினாள், டெலோரிஸ் அவளைவிடப் பெரிதாக ஆடினாள்.

ரோஸலின் ஆடப் போகவில்லை. நாற்காலியை இழுத்து ஆர்லெட்டாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். காலையில் பேசியதற்கு மன்னிச்சுக்கோ என்று ஆர்லெட்டா தொடங்கினாள். ரோஸலின் அதைக் காதில் வாங்கவில்லை.

“அதுல என்ன எழுதியிருந்துச்சு? அப்படியே சொல்லு.”

“சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு. கொழுப்புக் கட்டின்னு.”

“செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்களா?”

ஆர்லெட்டா ரம் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மேளச் சத்தம் காதை அடைத்தது. ரோஸலின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொழுப்புக் கட்டிக்கு யாரும் நேர்ல வரச் சொல்ல மாட்டாங்க” என்றாள் மெதுவாக.

“சத்தமாப் பேசாத. அவ காதுல விழப்போகுது.”

ரோஸலின் குனிந்து தன் காலணியின் வாரை இறுக்கிக் கட்டினாள். ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“செவ்வாய்க்கிழமை நான் லீவு போடறேன்” என்றாள் நிமிராமலே. “எட்டு மணிக்கு வண்டியோட வாசல்ல நிப்பேன்.”

வேண்டாம் என்று சொல்ல ஆர்லெட்டா வாயெடுத்தாள். அதற்குள் ஜெனீவா மூச்சிரைக்க வந்து, இரண்டு கையையும் பிடித்து அவளை எழுப்பினாள். இழுத்த இழுப்பில் மார்பில் ஊசி வைத்த இடம் சுரீரென்றது. ஆர்லெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்தபடி அவள் பின்னால் போனாள்.